லைசென்ஸ் விண்ணப்பத்தில் ஒரு ‘நாம’

அமெரிக்காவில் எஞ்சினியர் லைசென்ஸ் வாங்க என்னென்ன வேண்டும் என்று போன வாரம் நம் தமிழ் எஞ்சினியர் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள். ஆளுக்கொரு பட்டியல் போட்டுவிட்டீர்கள். அங்கீகாரம் உள்ள படிப்பு, முதல் தேர்வு, லைசென்ஸ் வைத்திருப்பவரின் கீழ் நான்கு வருட வேலை, இரண்டாவது தேர்வு, ரெஃபரன்ஸ் கையெழுத்துகள். எல்லாம் சரிதான். மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், லைசென்ஸ் போர்டின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைவிட அது பொறுமையாகப் பதில் சொல்லும்.

நான் சொல்ல வந்தது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. அதைச் சொன்னால் என் மானமும் கொஞ்சம் கப்பலேறும். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனிமேல் ஏறினால் ஏறட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் ஒரு சின்ன ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் கட்டடங்களுக்கு பீமும் தூணும் கணக்குப் போட்டவள். சொந்த ஊர் நாகர்கோவில். இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் யாராவது ஒரு சாப்ட்வேர் தமிழர் தலையில்தான் விழும். பர்த்டே பார்ட்டிகளில் “ஆன்ட்டி, நீங்களும் எஞ்சினியரா? எந்த டெக்னாலஜி?” என்று கேட்பார்கள். “கான்கிரீட்” என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்கள் எழுதுகிற கோடில் தப்பு வந்தால் அடுத்த வெர்ஷனில் திருத்திக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் நமக்கு லைசென்ஸும் சீலும். டிராயிங்கின் மூலையில் அந்த வட்ட சீலைப் போட்டுக் கையெழுத்து வைத்தால், இந்தக் கட்டடம் நிற்பதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். அதில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் உண்டு.

எங்கள் ஆபீஸுக்கு முத்துக்குமார் வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். கோபிச்செட்டிபாளையத்துப் பையன். இங்கே மாஸ்டர்ஸ் முடித்து, எச்-ஒன் வேலை விசாவில் இருந்தான். கணக்கில் புலி, பேச்சில் பூனை. ஆபீஸில் முதலாளியிலிருந்து ரிசப்ஷனிஸ்ட் வரை எல்லோரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவனுக்கு மட்டும் வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் பெயரே சொல்லாமல் சமாளிப்பான், தமிழில் “மேடம்” என்பான். அவன் என் கீழ்தான் வேலை பார்த்தான். லைசென்ஸுக்கான நான்கு வருடக் கணக்கு அப்படித்தான் ஓட ஆரம்பித்தது.

இரண்டாவது வருடம் ஒரு டேகேர் கட்டடம் வந்தது. ஒற்றை மாடி, ஸ்டீல் பீம், மேலே தகரக் கூரை. நான் டிசைன் பண்ணி சீல் போட்டு அனுப்பிவிட்டேன். பட்டறையில் பீம்களைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் முத்துக்குமார் என் மேசை பக்கம் வந்து நின்றான்.

“மேடம், நாம அந்த ஏசி யூனிட் ஷீட்டை இன்னொருவாட்டி பாத்துக்கலாமுங்களா?”

“பாத்தாச்சுப்பா” என்றேன். கையில் வேறு வேலை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப வந்தான். “நாம அந்த ஷீட்டுல டேட்டை மட்டும் ஒருவாட்டி பாத்தா நல்லா இருக்குமுங்க.”

“முத்து, அது போன மாசமே முடிஞ்ச வேலை. நீ அந்த பார்க்கிங் கராஜை முடி.”

போய்விட்டான். மூன்றாவது முறை வந்தபோது எதுவும் கேட்கவில்லை. இரண்டு காகிதங்களை என் கீபோர்டு மேல் வைத்தான். ஒன்று, கூரையில் வைக்கும் பெரிய ஏசி யூனிட்டின் இடத்தை மாற்றி மெக்கானிக்கல் ஆட்கள் அனுப்பியிருந்த புதிய ஷீட். இன்னொன்று, அந்தப் புதிய இடத்தில் வைத்தால் கீழே இருக்கும் பீம் தாங்குமா என்று அவன் போட்ட கணக்கு.

“நாம எங்கயோ கொஞ்சம் விட்டுட்டோம்னு நெனைக்கிறேனுங்க மேடம்.”

விட்டது ‘நாம’ இல்லை. நான். எங்கள் இருவருக்கும் வந்திருந்த புதிய ஷீட் ஈமெயில் என் இன்பாக்ஸில் திறக்காமலே கிடந்தது. யூனிட்டின் பழைய இடத்தை வைத்தே நான் சீல் போட்டிருந்தேன். புதிய இடம் எங்கே இருக்கிறது என்று பிளானில் விரலை வைத்துப் பார்த்தேன். குழந்தைகள் தூங்குகிற அறைக்கு நேர் மேலே. அந்த பீம் அவ்வளவு எடையைத் தாங்காது. உடனே கான்ட்ராக்டருக்கு போன் பண்ணினேன். பீமைத் தூக்கி வைக்க மறுநாள் கிரேன் வருவதாக இருந்ததாம். நிறுத்தினோம், பீமை மாற்றினோம், தப்பித்தோம்.

அந்த வார மீட்டிங்கில் முதலாளி என்ன நடந்தது என்று கேட்டார். நான் எழுந்து, ஆங்கிலத்தில், ஒரு கோ-ஆர்டினேஷன் பிரச்சினை இருந்தது, ‘வீ காட் இட்’ என்றேன். நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று. முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, இதற்குத்தான் அனுபவசாலி வேண்டும் என்றார். முத்துக்குமார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுத்த வேலையின் ஃபைலைத் திறந்தேன்.

இங்கே கொஞ்சம் தமிழ் இலக்கணம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்கிறவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். இதோடு பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத மூன்றாவது ஒன்று உண்டு. மரியாதைக்காகச் சொல்கிற ‘நாம’. “அத்தை, நாம உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டோமோ?” என்று மருமகள் கேட்பாள். உப்பைப் போட்டது அத்தை மட்டும்தான் என்று அடுப்படியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். முத்துக்குமார் சொன்னது அந்த ‘நாம’. அதில் ஒரு பொய்யும் இல்லை, ஏனென்றால் கேட்ட எனக்கு அர்த்தம் புரியும். நான் மீட்டிங்கில் சொன்ன ‘வீ’ இருக்கிறதே, அது களவாணித்தனம். தமிழில் அவன் எனக்குக் கொடுத்த மரியாதையை ஆங்கிலத்தில் நான் சாப்பிட்டுவிட்டேன்.

நான்கு வருடம் முடிந்தது. முத்துக்குமார் இரண்டு தேர்வையும் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியிருந்தான். விண்ணப்பத்தோடு அனுபவக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். எந்தெந்த வேலையில் நீ என்ன செய்தாய், எங்கே உன் சொந்தத் தீர்மானம் இருந்தது என்று. அதை மேற்பார்வை செய்த எஞ்சினியர் படித்துப் பார்த்து, உண்மைதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவன் எழுதிக்கொண்டு வந்தான். நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டேன். நம்ம பையன், நல்ல பையன், இதில் படிக்க என்ன இருக்கிறது?

எனக்கு லைசென்ஸ் வாங்கக் கையெழுத்துப் போட்டவர் அப்படிச் செய்யவில்லை. அவர் ஒரு கெடுபிடிக் கிழவர். நான் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் குறுக்கு விசாரணை பண்ணினார். ஒவ்வொரு வரிக்கும், இது நீ செய்ததா, நான் செய்ததா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அழுதேன். பெண் என்பதால் நம்பவில்லை, இந்தியாக்காரி என்பதால் நம்பவில்லை என்றெல்லாம் அந்தக் கிழவரைத் திட்டினேன். அந்த மனிதர் தன் கையெழுத்தை மதித்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

முத்துக்குமாரின் விண்ணப்பம் போர்டிலிருந்து திரும்பி வந்தது. கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. குறிப்பு முழுக்க ‘வீ’ என்று இருக்கிறது, விண்ணப்பதாரர் தானாக என்ன செய்தார், என்ன தீர்மானித்தார் என்று தெரியவில்லை, தெளிவாக எழுதி அனுப்பவும். அப்போதுதான் நான் அந்தக் குறிப்பை முதல்முறையாகப் படித்தேன். வீ டிசைன்ட், வீ செக்ட், வீ ரிவைஸ்ட். பத்துப் பக்கத்தில் ‘ஐ’ என்ற எழுத்து மருந்துக்குக்கூட இல்லை.

விஷயம் வெறும் கடிதத்தோடு நிற்கவில்லை. இன்னும் ஐந்து மாதத்தில் நான் ரிட்டயர் ஆவதாக இருந்தது. என் இடத்தில் சீல் போட லைசென்ஸ் உள்ள ஒருவர் வேண்டும். முதலாளி ஒளிவுமறைவில்லாதவர். முத்துவுக்கு அதற்குள் லைசென்ஸ் வந்தால் இடம் அவனுக்கு, வராவிட்டால் வெளியிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டும், சின்ன ஆபீஸ், இரண்டு பேருக்கு வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார். எச்-ஒன்னில் இருப்பவனுக்கு வேலை போனால் விசாவும் போய் நாட்டை விட்டே கிளம்ப வேண்டும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தக் கயிற்றின் மேல்தான் நடக்கிறீர்கள்.

ஒரு சனிக்கிழமை அவனையும் அவன் மனைவி காயத்ரியையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு ‘வீ’யாக எடுத்து, “இது யார்?” என்று நான் கேட்பது, அவன் நெளிவது.

“நான்னு எழுதுனா திமிரா எழுதுன மாதிரி இருக்குதுங்க மேடம்.”

“உனக்குத் திமிர் வர்றதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. எழுது.”

“எல்லாரும் சேந்துதானுங்க பண்ணுனோம்.”

“இந்தக் கணக்கைப் போட்டது யாரு? எல்லாரும் சேந்து ஒரே கால்குலேட்டரைப் பிடிச்சீங்களா?”

காயத்ரி சிரித்தாள். “ஆன்ட்டி, எங்க வீட்ல நாலு வயசு வாண்டு ஷூ போட்டதும் ‘ஐ டிட் இட்’னு கத்துது. இவருக்கு நாலு வருஷம் வேலை பாத்தும் வாய்ல வரமாட்டேங்குது. நான் ஏற்கெனவே வீடு காலி பண்ண யு-ஹால் வண்டி ரேட் பாத்து வெச்சிருக்கேன்.” சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

மூன்று மணி நேரத்தில் எல்லா ‘வீ’யும் ‘ஐ’ ஆனது. ஒன்றே ஒன்றைத் தவிர. டேகேர் கட்டடம் என்ற தலைப்புக்குக் கீழே, ‘யூனிட்டின் இடமாற்றத்தை நாங்கள் கவனித்து பீமைத் திருத்தினோம்’ என்ற வரி அப்படியே இருந்தது.

“இது?” என்றேன்.

“அது அப்படியே இருக்கட்டுங்க மேடம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. காயத்ரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம்கூட இவன் சொல்லியிருக்கவில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. “சரி, இருக்கட்டும்” என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நீங்கள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் போன பிறகு முழுவதையும் ஒரு முறை படித்தேன். மற்ற வேலைகள் எல்லாம் நான் சொல்லி அவன் செய்தவை. நன்றாகச் செய்திருந்தான், ஆனாலும் சொல்லிச் செய்தவை. யாரும் சொல்லாமல், வேண்டாம் என்று சொன்ன பிறகும், தன் அறிவை நம்பி நின்றது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். போர்டு கேட்பது அதைத்தான். அதைத்தான் அவன் எனக்காக மூடி வைத்திருந்தான். தன் வேலை, விசா, பெண்டாட்டி பிள்ளையின் இருப்பு எல்லாவற்றையும் எடுத்து என் மானத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தான்.

மறுநாள் ஞாயிறு. மாதம் ஒரு முறை இங்கே எங்கள் சர்ச்சில் தமிழில் திருப்பலி உண்டு. தொடக்கத்தில் பாவ அறிக்கை மன்றாட்டை எல்லோரும் சேர்ந்துதான் சொல்வோம். சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறேன். கோயில் நிறையப் பேர் ஒரே குரலில் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொருவரும் ‘நான்’ என்றுதான் சொல்கிறோம் என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பாதியில் என் வாய் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த என் கணவர் தலைசுற்றுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அங்கேயும் பொய்.

திங்கட்கிழமை காலை முதலாளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஷீட்டைப் பார்க்காதது, இரண்டு முறை அவனை விரட்டியது, மீட்டிங்கில் பேசியது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “இரண்டு வருடம் கழித்து ஏன் சொல்கிறாய்?”

“அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை” என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டேகேர் கட்டிய அந்த வருடம் நான் சீல் போட்ட எல்லா டிராயிங்கையும் வேறொரு எஞ்சினியரைக் கொண்டு திரும்பச் சரிபார்க்கச் சொன்னார். என் கடைசி மாதங்களில் முக்கால்வாசி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் ஒருத்தியின் எதிரில் உட்கார்ந்து என் பழைய கணக்குகளுக்குப் பதில் சொல்வதில் போயிற்று. இன்னொரு தப்பும் கிடைத்தது. ஆபத்தில்லாத தப்பு. இருந்தாலும் கிடைத்ததே. ஒவ்வொரு நாளும் அவமானமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது.

முத்துக்குமாரிடமும் சொன்னேன்.

“என்னாலதானுங்களே மேடம் உங்களுக்கு...”

“உன்னால இல்ல. அந்த மரியாதையை இப்பவே நிறுத்து. உக்காரு, எழுது.”

நான் சொல்லச் சொல்ல அவன் எழுதவில்லை. அவனே எழுதினான், நான் ஒரே ஒரு இடத்தில்தான் வாயைத் திறந்தேன். ‘மேற்பார்வை எஞ்சினியரிடம் தெரிவித்தேன்’ என்று எழுதியிருந்தான். “எத்தனை தடவை?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ‘மூன்று முறை’ என்று சேர்த்தான். அதற்குக் கீழே சரிபார்ப்பவர் எழுதுகிற இடத்தில், சீல் போட்ட டிராயிங்கில் இருந்த தவறு என்னுடையது, அதைக் கண்டுபிடித்தது இவர், நான் தடுத்தும் விடாதவர் இவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அதற்கு முன் போட்டது ஐந்து நொடியில்.

பதில் வரப் பத்து வாரம் ஆயிற்று. அந்தப் பத்து வாரமும் காயத்ரி என்னைக் கடையில் பார்த்தால் வெண்டைக்காய் விலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கேட்டுவிடுவாளோ என்று எனக்கும் பயம். நான் ரிட்டயர் ஆக ஆறு வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு போன் பண்ணினாள். “ஆன்ட்டி” என்றாள், அதற்கு மேல் பேச வரவில்லை. அழுகை. லைசென்ஸ் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நானும் ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய் நின்று நன்றாக அழுதேன்.

தம்பிகளா, தங்கைகளா, இதில் பாடம் என்ன என்று கேட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள் என்பது ஒன்று. அது யாரும் சொல்வதுதான். இன்னொன்று, பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள், அந்த ‘நாம’வை விட்டுவிடாதீர்கள், அது நல்ல சொல். ஆனால் பீம் தாங்குமா தாங்காதா என்று வரும்போது யார் செய்தது என்பது தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் கீழ் ஒருவர் ‘நாம’ என்று தயங்கிக்கொண்டு வந்து நின்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் மூன்றாவது முறை வருவார் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரும் முத்துக்குமார் இல்லை.

என்னுடைய கடைசி வாரம். அடுத்தவருக்கு ஒப்படைக்க வேண்டிய வேலைகளை எல்லாம் பிரித்து முத்துக்குமாரின் மேசையில் அடுக்கியிருந்தேன். மத்தியானம் ஒரு டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். பக்கத்தில் நின்று தயங்கவில்லை. என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மேடம், நீங்க இதுல இந்த கனெக்‌ஷனைத் தப்பாப் போட்டிருக்கீங்க.”

சுருக்கென்றது. இவ்வளவுக்குப் பிறகும் சுருக்கென்றது, என்ன செய்ய. கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் டிராயிங்கை விரித்து, போல்ட்டை எண்ணி, கணக்கைத் திரும்பப் போட்டோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவன் பார்த்தது பக்கத்துப் பீமுக்கான கணக்கு.

“சாரிங்க மேடம். நான்தான் தப்பாப் பாத்துட்டேன்” என்றான். குனியவும் இல்லை, நெளியவும் இல்லை. டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போய் அடுத்ததை எடுத்து விரித்தான். இனி என் நாற்காலியை அவனிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது.